ஸ்டிக்கர் மேல் வைத்த பொட்டு

இது சரியாகாமலே போய்விட்டால் என்ன?

எண்ணம் வந்த வேகத்தில் சுடர்விழி மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் பரிதியின் காதில் அது விழுந்திருக்குமோ என்றுகூட ஒரு கணம் பயம் வந்தது. நினைப்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடும் என்றிருந்தால் எந்தக் குடும்பமும் ஒரு வாரம் தாங்காது.

சாலியமங்கலம் தாண்டியதும் சாலையில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காதவர்கள் தாரின் மேலேயே கொட்டிப் பரப்பி, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். பரிதி வேகத்தைக் குறைத்தான்.

"பையை நல்லா புடிச்சுக்க. குலுங்கக் கூடாது."

பைக்குள் ஒரு பூத்துவாலையில் சுற்றி இருந்தது கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள் இருந்து படங்களுக்கு உயிர் கொடுக்கிற கறுப்புப் பலகை. இரண்டு விசிறிகள், செங்கல் கனம். இப்போது அதற்கே உயிர் இல்லை.

கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கிக் காட்டுவது சுடர்விழியின் வேலை. தஞ்சாவூர் எஞ்சினியர் நடராசன் பிளானை அனுப்புவார். அவள் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து விழவைத்து, வாசலில் ஒரு செம்பருத்தியும் நட்டுத் திருப்பி அனுப்புவாள். போன வாரம் திருவிடைமருதூரில் வரப்போகும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அவள் நடந்துகொண்டிருந்தாள், படத்தில்தான். மேடைக்குப் பக்கத்தில் போகும்போது திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. கோடுகள் நடுங்கின. பிறகு இருட்டு.

நடராசன் அன்றைக்கே போனில் சொன்னார். ஆபீசில் ஒரு நல்ல மெஷின் சும்மா கிடக்கிறது, வந்து உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள். முடித்த பிறகும் தினம் வருவதாக இருந்தால் அந்த நாற்காலி உங்களுக்குத்தான்.

அவள் பரிதியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள். அதற்கே அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். எதற்கு வீண் அலைச்சல், வாரண்டி இருக்கிறதே, நானே லீவு போட்டு அழைத்துக்கொண்டு போகிறேன் என்றான். சொன்ன மாதிரியே இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தான்.

பரிதி கத்துகிற மனிதன் இல்லை. கத்துகிறவனாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள்.

இந்தக் கார்டே அவன் வாங்கிக் கொடுத்ததுதான். மாமியார் ராசம்மாள் வாய்க்கால் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்த சுடர்விழி கொஞ்ச நாள் லீவில் ஊருக்கு வந்தாள். கொஞ்ச நாள் நீண்டது. லீவு ராஜினாமாவாயிற்று. ராசம்மாள் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும், தஞ்சாவூரிலாவது ஏதாவது வேலை பார்க்கட்டுமா என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ கேட்டதற்கு மறுநாள், பரிதி ஆட்டோவில் பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். பில்லைக்கூட அவள் பெயரில்தான் போடச் சொல்லியிருந்தான்.

"வீட்டுக்குள்ளயே ஒனக்கு ஆபீஸ்" என்றான்.

தெருவே மெச்சியது. அவளும் அழுதாள், நிஜமான சந்தோஷத்தில்தான் அழுதாள். ஒரு பரிசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவளுக்குக் கொடுத்தவரிடம் அப்புறம் வேறொன்று கேட்க வாய் வராது என்பது பிறகுதான் மெல்ல மெல்லத் தெரிந்தது. கொல்லைப்பக்க அறையில் மெஷின் வந்து உட்கார்ந்தது. அதற்கு எதிரில் அவளும் உட்கார்ந்தாள். வெளியே போய்வரக் காரணம் ஒவ்வொன்றாக இல்லாமல் போயிற்று.

சர்வீஸ் சென்டர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பரிதி ஒரு ஆசிரியனுக்கு உரிய ஒழுங்கோடு பில், ஆதார் நகல், பழுதைப் பற்றி அவனே எழுதிய ஒரு குறிப்பு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டான். இவ்வளவு அக்கறையாக ஒருவன் தன் காரியத்துக்காக உட்கார்ந்திருக்கும்போது, மனசுக்குள் இது உருப்படாமல் போகட்டும் என்று நினைக்கிறவள் என்ன பெண்?

கவுண்டரில் இருந்தவர் துவாலையைப் பிரித்துக் கார்டை எடுத்தார். இப்படிப் புரட்டினார், அப்படிப் புரட்டினார். மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார்.

"சீரியல் நம்பர் எங்க சார்?"

கார்டின் பின்புறத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. அதில் எழுத்தில்லை, கோடில்லை. லேசாக ரோஜா நிறத்தில் ஒரு மெழுகல் மட்டும் இருந்தது.

சுடர்விழி திடுக்கிட்டுப் பரிதியைப் பார்த்தாள். நேற்று மெஷினிலிருந்து கழற்றி வைத்தபோது அந்த இடத்தில் ஒரு பொட்டு இருந்தது.

அது ராசம்மாள் வைத்த பொட்டு. மெஷின் வந்த மறுநாள் ஆயுத பூஜை. கார்டை உள்ளே பொருத்துவதற்கு முன்னால் தன் கையில் ஒருமுறை கொடுக்கச் சொன்னாள் ராசம்மாள். ஒரு கையில் வாக்கரும் மறு கையில் சந்தனக் கிண்ணமுமாக சாமி அலமாரி வரை அவளே நடந்து போனாள். சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு எங்கே வைப்பது என்று தேடினாள்.

"முழுக்கக் கரிக்கட்டையாட்டம் இருக்கே. எங்க வெச்சாலும் தெரியாது போலருக்கு."

திருப்பிப் பார்த்ததும் வெள்ளையாக ஒரு சதுரம் கண்ணில் பட்டது. "இந்தா, இங்க வெச்சாத்தான் பொட்டு பொட்டா இருக்கும்" என்று சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். மருமகள் சிரித்துக்கொண்டே அப்படியே எடுத்துப் பொருத்தினாள். தூசி தட்டத் திறக்கும்போதெல்லாம் அது உள்ளேயிருந்து பார்க்கும். தன் வேலையை அந்த வீட்டில் யாரோ ஒருவர் சாமி முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு இதம் இருக்கும்.

"நேத்து சாயந்திரம் நான்தான் தொடச்சேன்" என்றான் பரிதி, கவுண்டரைப் பார்த்தபடி.

அவன் குரல் இறங்கியிருந்தது. பஞ்சில் சானிடைசர் தொட்டுத் துடைத்தானாம். கொரோனா காலத்தில் வாங்கிய பாட்டில் ஒன்று அலமாரியில் பாதி கிடந்தது. குங்குமம் நன்றாக வந்துவிட்டதாம். கூடவே எழுத்தும் வந்துவிடும் என்று தெரியாதாம்.

ஏன் துடைத்தான் என்று அவள் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். அவன் அப்பா கண்ணுசாமி பண்ணையில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். மாலையில் கறுப்புச் சட்டைக் கூட்டங்களில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தவர். மகனுக்குப் பரிதி என்று பெயர் வைத்து அறிவியல் படிக்கவைத்தார். அறிவியல் ஆசிரியன் பொட்டு வைத்த எலக்ட்ரானிக் சாமானோடு நாலு பேர் முன்னால் போய் நிற்பதா? அம்மாவிடம் வைக்காதே என்று சொல்லவும் அவனால் முடியாது. வைத்ததை விட்டுவிடவும் முடியாது. யாருக்கும் தெரியாமல் துடைக்கத்தான் முடியும்.

கவுண்டர்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பெருமூச்சு மட்டும் விட்டார்.

"பொட்டோட கொண்டாந்திருந்தா ஒண்ணுமில்ல சார். ஆயுத பூஜை முடிஞ்சா இங்க வர்றதுல பாதி பொட்டோடதான் வருது. நாங்களே சுரண்டிப் படிச்சுக்குவோம்."

பரிதியின் காது மடல் சிவந்தது.

நம்பர் இல்லாமல் கணினியில் பதிவு செய்ய முடியாது, பதிவு செய்யாமல் மாற்றித் தர முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். பில்லில் நம்பர் இருந்தால் போதும் என்றார். பார்த்தார்கள், பில்லில் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் சரி என்றார்.

"அதுவும் இல்லேன்னா?" என்று கேட்டான் பரிதி.

"வாங்கும்போதே லேபிள் அழிஞ்சிருந்துச்சுன்னு கஸ்டமர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அப்ப அது கடையோட பொறுப்பு. கடைக்காரங்க வேற பீஸ் குடுத்துருவாங்க, நாங்க அவங்ககிட்ட பேசிக்குவோம்."

மாடிப்படியின் கீழே கரும்புச்சாறு மெஷின் மணி அடித்துக்கொண்டு சுற்றியது. அதன் பக்கத்தில் நின்று சுடர்விழி நீடாமங்கலத்துக்குப் போன் போட்டாள். பரிதியின் தங்கை ஜெயபாரதி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கார்டு வந்த பெட்டி கெட்டி அட்டை, உள்ளே பஞ்சு மெத்தை, காந்தம் வைத்த மூடி. தீபாவளிச் சீருக்கு முறுக்கு உடையாமல் போக இதைவிட நல்ல பெட்டி வேறு எது என்று ராசம்மாள்தான் கேட்டு வாங்கினாள். முறுக்கு நொறுங்காமல் போய்ச் சேர்ந்தது என்று ஜெயபாரதி அப்போது பெருமையாகச் சொன்னதுகூட நினைவிருந்தது.

"அந்தப் பொட்டியா அண்ணி?" என்றாள் ஜெயபாரதி. "போகிக்குப் போட்டுட்டோமே. நல்ல அட்டை, நின்னு எரிஞ்சுது. ஏன், திருப்பிக் குடுக்கணுமா அதை? அம்மா சொல்லவே இல்லையே."

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பரிதி தப்பாக எடுத்துக்கொள்வான் என்று அடக்கினாள். ஒன்றும் இல்லை பாரதி, சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டாள்.

பரிதி அவளுக்குச் சாறு வாங்கிக் கொடுத்தான். இஞ்சி அதிகம் போடச் சொல்லி, ஐஸ் வேண்டாம் என்று சொல்லி, அவளுக்குப் பிடிக்கிற மாதிரி.

"கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்றான்.

கார்டு வாங்கிய கடை காந்திஜி சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. முதலாளி திருச்சிக்குப் போயிருந்தார். கவுண்டரில் ஷமீரா இருந்தாள். சுடர்விழியைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று எழுந்தாள். மெஷினுக்கு எந்தக் கார்டு தோதாக இருக்கும் என்று அன்றைக்குப் பரிதிக்கு எடுத்துச் சொல்லி வாங்கவைத்தவள் அவள்தான். பொருத்தத் தெரியாமல் சுடர்விழி திணறியபோது வீடியோ காலில் நின்று வழிகாட்டியவளும் அவள்தான்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கணினியில் பழைய பில்லைத் தேடி எடுத்தாள். அவள் விரல் மவுசின் மேல் நின்றுவிட்டது.

அது பண்டிகை நேரம், கடையில் நிற்க இடமில்லை, நம்பர் போட வேண்டிய இடம் காலியாகவே போயிருக்கிறது என்றாள். பில் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. பில்லின் கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர் இருந்தது.

பரிதிக்குத் தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. அவன் வாசலுக்குப் போனான்.

ஷமீரா திரையில் இருந்த பில்லை மூடினாள். பிறகு சர்வீஸ் சென்டரில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். சுடர்விழி மறைக்காமல் சொன்னாள். ஷமீராவின் முகத்தில் பெரிய மாற்றமில்லை, முன்பே தெரிந்த ஒன்றைக் கேட்பது போல இருந்தாள்.

"எழுதுறதுன்னா எழுதுங்கக்கா. நான் தப்பா நெனைக்க மாட்டேன். நம்பர் ஏத்தாம விட்டது நான்தானே."

"ஒங்க ஓனர் என்ன சொல்லுவாரு?"

"வேலைய விட்டு நிறுத்துவாரு. போன மாசம் ஒருத்தரை நிறுத்துனாரு, இதைவிடச் சின்ன விஷயத்துக்கு." அவள் மேசை மேலிருந்த பேனாக்களைச் சரிசெய்தாள். "எங்க வாப்பாவுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவை அதிராம்பட்டினம் போறப்பவும், போதும்மா, பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துருன்றாங்க. நான்தான் ஏதாவது சொல்லிட்டு பஸ் ஏறிடுறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதிருந்தால்கூட சுடர்விழிக்கு ஏதாவது பேச வந்திருக்கும்.

திரும்பும் வழியில் பஸ்நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றபோது நடராசன் போன் செய்தார். மண்டபத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், படம் தயாராக இருக்க வேண்டும். நாளைக்கு வருகிறீர்கள் என்றால் இப்போதே மெஷினைத் தயார் செய்து வைக்கிறேன் என்றார். சாயந்திரம் சொல்கிறேன் சார் என்றாள். எதிர் வண்டியின் இரைச்சலில் பரிதிக்கு அது கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அவன் முதுகு எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நல்ல முதுகு. அதில் சாய்ந்துகொண்டு அவள் பல தூரம் போயிருக்கிறாள். ஆனால் எப்போதும் அவன் போகிற இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். இந்த யோசனையில் குற்றம் ஒன்றும் இல்லை என்று அறிவு சொன்னது. ஏதோ திருடியது போலத்தான் உடம்பு உணர்ந்தது.

வீட்டில் ராசம்மாளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பாடு போட்டேன், மாத்திரை கொடுத்தேன், பாத்ரூமுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன் என்று தங்கம்மாள் ஒப்பித்தாள்.

"நாளைக்கும் வேணும்னா சொல்லு தம்பி. எங்க வீட்டுல தனியா சொவத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இங்க வந்தா ஃபேனும் இருக்கு, ஒங்கம்மா வாயும் இருக்கு."

"என் வாய்க்கு இவளுக்கு டிக்கெட்டு வேற போடணும்" என்றாள் ராசம்மாள்.

சுடர்விழி பரிதியைப் பார்த்தாள். அவன் செருப்பை வரிசையாக விட்டுக்கொண்டிருந்தான்.

"இல்ல பெரியம்மா, இனி தேவைப்படாது" என்றான்.

இவ்வளவு எளிதாக ஒரு கதவைச் சாத்த முடிகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சத்தமே வரவில்லை. சாத்தியவனுக்கே அது கதவென்று தெரிந்திருக்காது.

ராசம்மாள் பையைக் காட்டி, சர்வீஸ்காரன் என்ன சொன்னான் என்று கேட்டாள். பரிதி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் சரியாகிவிடும், ஒரு கடிதம் கொடுத்தால் வேறு கொடுத்துவிடுவார்கள் என்றான். பொட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

"எப்புடிக் கெடும்? சாமிகிட்ட வெச்ச பொருளு" என்றாள் ராசம்மாள். மருமகளைப் பார்த்து, "நீ மொகத்தைத் தொங்கப் போடாத. புதுசு வரட்டும், இன்னும் பெரிய பொட்டா வெச்சுருவோம்" என்றாள்.

அந்தச் சிரிப்பில் ஒரு களங்கமும் இல்லை. காலையில் கவுண்டரில் நின்றபோது சுடர்விழிக்கு ராசம்மாள் மேல் ஒரு எரிச்சல் எழுந்ததுண்டு. இப்போது அதைத் தேடினாலும் கிடைக்கவில்லை. யார் மேல்தான் கோபப்படுவது? ஒருத்தி ஆசையாகப் பொட்டு வைத்தாள், ஒருவன் மானத்துக்குப் பயந்து துடைத்தான், ஒருத்தி கூட்டத்தில் மறந்தாள், ஒருத்தி போகியில் போட்டாள். எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று கை கோத்துக்கொண்டால் நடுவில் நிற்பவளுக்கு வெளியே போக இடம் இருக்காது.

அவள் காபி போட்டாள், தோசைக்கு அரைத்ததைக் கரைத்து வைத்தாள். ராசம்மாளை வாக்கரோடு கொல்லைக்கு நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவந்து படுக்கவைத்தாள். போகிற வழியில் அந்த அறை கதவு திறந்து கிடந்தது. பக்கவாட்டு மூடி கழற்றப்பட்ட மெஷின் வாய் திறந்தபடி நின்றது. அதன் எதிரில் அவள் நாற்காலி. எத்தனை வீடுகளுக்கு அவள் இங்கே உட்கார்ந்து ஜன்னல் வைத்திருக்கிறாள். இந்த அறைக்கு இருப்பதோ கொல்லைச் சுவரைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். இதை மாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை?

திரும்பி வந்தபோது பரிதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பக்கம் முடிந்திருந்தது.

"ஒக்காரு சுடரு. படிச்சுப் பாரு."

படித்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக இருந்தன. வாங்கி வந்த அன்றே வரிசை எண் அழிந்த நிலையில் இருந்ததாகவும், விற்பனையாளர் ஷமீரா அதைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தான். அந்தப் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று மரியாதையாகப் போட்டிருந்தான்.

"பில்லு ஒன் பேர்ல இருக்கு. நீ போட்டாத்தான் செல்லும்" என்றான்.

"அந்தப் பொண்ணு வேலை போயிடும்ங்க."

"போகாது. அதெல்லாம் சும்மா பயமுறுத்தியிருக்கும். அப்புடியே போனாலும் சின்னப் பொண்ணு, வேற கடை கெடைக்கும்." அவன் குரல் கனிவாகவே இருந்தது. "வேற வழியிருந்தா இதை நான் எழுதுவேனா? நேத்து நான் செஞ்ச முட்டாத்தனத்துக்கு ஒன் வேலை கெடக் கூடாதுல்ல."

"உள்ளதை எழுதிக் குடுப்போம். நாமதான் தொடச்சோம்னு."

"குடுத்தா கார்டு வராது." அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தான். "அம்மாவுக்கும் தெரியவரும். பொட்டு வெச்சதாலதான் எல்லாம் போச்சுன்னு ஒடஞ்சுருவாங்க."

அடுத்த அறையில் ராசம்மாள் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"கார்டு வராட்டி நான் நடராசன் சார் ஆபீசுல ஒக்காந்து முடிக்கலாம்" என்றாள் சுடர்விழி. "அவரு முடிஞ்ச பொறகும் வரச் சொல்லியிருக்காரு. தினமும்."

மறைத்து வைத்திருந்த மறுபாதி ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. சொன்ன பிறகு, இது அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை அவன் முகத்தில் கண்டாள். எப்படித் தெரியும், யார் சொன்னது என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் ஆச்சரியப்படவே இல்லை.

அவன் கடிதத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினான்.

"அதுக்குத்தான் சொல்றேன். ஒரு கையெழுத்துதான். கார்டு வந்துடும், எல்லாம் பழையபடி ஆயிடும்."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். கொல்லைப்பக்க அறை, ஒற்றை ஜன்னல், காலைக் காபி, மத்தியான மாத்திரை, யாரோ குடியேறப்போகும் வீடுகளின் வாசலில் அவள் நடும் செம்பருத்தி. எல்லாம் பழையபடி.

பேனா கடிதத்தின் மேல் இருந்தது. எடுத்தாள். அவன் முகம் இளகியது.

ஷமீராவுக்காகத்தான் தயங்குகிறேனா, இல்லை எனக்காக ஷமீராவைப் பிடித்துக்கொள்கிறேனா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. ஒன்று யோக்கியமாகவும் மற்றது சுயநலமாகவும் தெரிந்திருந்தால் எதையாவது விட்டுக்கொடுத்திருப்பாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொடுத்துப் பழகியிருந்தாள். இன்று இரண்டும் ஒன்றாகவே வந்து நின்றன.

பேனாவை மூடினாள். கடிதத்தை அவன் பக்கமாக, எழுத்து அவனுக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

"நான் போடலைங்க" என்றாள்.

பரிதி அவளைப் பார்த்தான். சரியாகக் காதில் விழவில்லை என்பது போல, பேனாவை மறுபடியும் திறந்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் கை மேசை மேலேயே இருந்தது. பேனாவைத் தொடவில்லை.